இருப்புப்பாதையும் ஊர்ச்சுவையும்

ஒரு நாட்டை அறிவதற்குக் கண்கள் மட்டும் போதா, நாவும் வேண்டும். வழிச்செல்வோர்க்கு ஊர்தோறும் கிடைக்கும் உணவு, அவ்வூரின் மண்வளத்தையும் நீர்வளத்தையும் மக்களின் உழைப்பையும் அறிவிக்க வல்லது. காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் இருப்புப்பாதை வழியே செல்வோர் இவ்வுண்மையைத் தெளிவாக உணர்வர்.

நாகப்பட்டினத்திற்கும் தஞ்சாவூருக்கும் இடையே 1861-ஆம் ஆண்டில் புகைவண்டி ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் அப்பாதை திருச்சிராப்பள்ளியை எட்டியது. பின்னர்க் கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம் ஆகிய ஊர்களின் வழியாகச் சென்னைக்குச் செல்லும் பாதையும் அமைந்தது. கட்டுச்சோற்று மூட்டையுடன் மாட்டுவண்டியில் பல நாள் நடந்த பயணம் சில மணி நேரத்தில் முடியலாயிற்று. ஓர் ஊரின் உணவுச் சிறப்பை மற்றோர் ஊரார் சுவைத்தறிவதும் எளிதாயிற்று.

சென்னையிலிருந்து தெற்கே வருவோரைச் சிதம்பரம் வரவேற்கிறது. அங்குச் சம்பா சோறும் கத்தரிக்காய்க் கொத்சும் பெயர் பெற்றவை. அவ்வூரைக் கடந்ததும் வண்டி கொள்ளிடப் பாலத்தின்மீது செல்லும். பாலத்தைத் தாண்டினால் இருமருங்கும் நெல்வயல்களே காட்சியளிக்கும். கும்பகோணத்தை அடைவோர் பசும்பாலில் கலந்த காப்பியை நாடுவர். உணவுக்குப் பின் அவ்வூர்க் கொழுந்து வெற்றிலையை விரும்புவர். அகத்தியைப் பற்றிப் படரும் அவ்வெற்றிலைக் கொடி, காவிரியின் வண்டல்மண்ணில் செழித்து வளர்வது. இட்டலிக்குத் துணையாக அங்கு வழங்கும் ‘கடப்பா’ பாசிப்பருப்பால் ஆக்கப்படுவது. தஞ்சைக்கு அண்மையிலுள்ள திருவையாற்றின் ‘அசோகா’ என்னும் இனிப்பும் பாசிப்பருப்பையே முதலாகக் கொண்டது.

இவ்விரண்டிலும் பாசிப்பருப்பு இடம்பெற்றிருப்பது ஏன்? அவ்வினாவிற்கு விடை வயலில் உள்ளது. சம்பா நெல் முற்றி, அறுவடைக்கு ஏறத்தாழப் பத்து நாட்கள் இருக்கும்போதே, ஈரம் புலராத நிலத்தில் உழவர் பச்சைப்பயற்றையும் உளுந்தையும் விதைப்பர். நெல்லை அறுத்தபின் அரிதாள்களின் இடையே பயிர் தழைத்து எழும். அதற்குத் தனி உழவு வேண்டுவதில்லை; நிலத்தில் எஞ்சிய ஈரமும் பனியும் அதனை வளர்க்கும். அதன் வேர்முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தை ஊட்டும். எனவே, காவிரியில் நீர் குறையும் ஆண்டில் சோறு மட்டுமன்று, பருப்பும் பலகாரமும் குறைகின்றன. இனிப்பின் ஒவ்வொரு கவளத்திலும் ஆற்றின் கொடையும் உழவரின் கூர்மதியும் கலந்துள்ளன.

தஞ்சையிலிருந்து கிழக்கே செல்லும் பழைய பாதை, திருவாரூர் வழியாக நாகப்பட்டினத்தை அடைகிறது. வண்டியில் வந்து இறங்கிய தமிழர் பலர், முற்காலத்தில் அத்துறைமுகத்தில் கப்பலேறிப் பினாங்கிற்குச் சென்றனர். மலாயாவின் தோட்டங்களிலும் இருப்புப்பாதைகளிலும் அவர்கள் பாடுபட்டனர். அவர்களுடன் அவர்களின் உணவும் கடல் கடந்தது. இன்று பினாங்கிற்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வர்த்திலிருந்து ஈப்போ வழியாகக் கோலாலம்பூருக்கு வண்டியில் செல்வோர், வழியிலுள்ள ஊர்களில் மலாய் மக்களின் தேங்காய்ப்பாற் சோறாகிய நாசி லெமாக்கையும், சீனரின் மீயையும், தமிழரின் தோசையையும் ஒருங்கே காணலாம். தமிழரின் தோசையை மலாய் மக்களும் சீனரும் விரும்பி உண்கின்றனர்.

ஆயின், ஒருங்கே அமர்ந்து உண்ணும் உரிமை தாய்நாட்டில் எளிதில் வாய்க்கவில்லை. புகைவண்டி பல குலத்தாரையும் ஒரே பலகையில் அமர்த்தியது. நிலையத்து உணவுக்கூடமோ அவர்களைப் பிரித்தது. தென்னிந்திய இருப்புப்பாதை நிலையங்களில் பிராமணர்க்கு ஓரிடமும் ஏனையோர்க்கு வேறிடமும் வகுக்கப்பட்டிருந்தன. ஒரே கட்டணம் செலுத்தி, ஒரே பெட்டியில், தோளோடு தோள் உரச வந்தோர், பசி தீர்க்கும் இடத்தில் பிறப்பினால் பிரிக்கப்பட்டனர். பெரியார் ஈ. வெ. இராமசாமி முதலானோர் இவ்வேற்றுமையைக் கண்டித்துப் போராடினர். அதன் பயனாக 1941-ஆம் ஆண்டில் அப்பிரிவினை நீக்கப்பட்டது.

காவிரி குலம் கேட்டு வயலிற் பாய்வதில்லை. அந்நீரில் விளைந்த சோற்றை உண்போர் மட்டும் குலம் கேட்டல் தகுமோ? பிற ஊருக்குச் செல்லும் மாணவர், அவ்வூர் உணவை இகழாது ஏற்றல் வேண்டும். அதனை விளைத்தவர் எவர், எந்நீரால் அது விளைந்தது என வினவுதல் வேண்டும். அருகிருப்பவர் எவராயினும் அவரோடு மகிழ்ந்து உண்ணல் வேண்டும். அத்தகையோர்க்கே பயணம் கல்வியாகும்.