ஏர்கோன் சொட்டும் தண்ணீரில் ஒரு மின்சாரக் கணக்கு

அடுக்குமாடி வீடுகளின் பின்பக்கமாக நடந்து போகும்போது உங்கள் தலையில் எப்போதாவது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்திருக்கும். அண்ணாந்து பார்த்தால் வரிசையாகக் குளிர்சாதனக் கருவிகள். அவற்றின் குழாய்களிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும். அது எங்கிருந்து வருகிறது? கருவிக்குள் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. சற்று முன்புவரை அது அறைக்குள் இருந்த காற்றில் நீராவியாகக் கலந்திருந்தது. நம் நாட்டில் பெரிய கட்டடங்கள் ஏன் இவ்வளவு மின்சாரத்தை விழுங்குகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, அந்தச் சொட்டிலிருந்து தொடங்குவது எளிது.

மலேசியாவின் அலுவலகக் கட்டடங்களில் மின்சாரத்தின் ஆகப் பெரிய பங்கு குளிரூட்டுவதற்கே போகிறது. குளிரூட்டுவது என்றதும் வெப்பநிலையைக் குறைப்பது மட்டுமே நம் நினைவுக்கு வரும். ஆனால், கருவிக்கு இரண்டு வேலைகள். காற்றின் சூட்டைத் தணிக்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தையும் பிழிந்தெடுக்க வேண்டும். இரண்டில் எது கடினம்? கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

பகல் வேளையில் வெளியே வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 65 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் நீராவி இருக்கும். 24 டிகிரியில், 55 விழுக்காடு ஈரப்பதத்தில் உள்ள அலுவலகக் காற்றில் அது ஏறத்தாழ 10 கிராம். ஆக, வெளியிலிருந்து நுழையும் ஒவ்வொரு கிலோகிராம் காற்றையும் 8 டிகிரி குளிர்விக்க வேண்டும். அதிலிருந்து 10 கிராம் தண்ணீரையும் நீக்க வேண்டும்.

காற்றை ஒரு டிகிரி குளிர்விக்க, கிலோகிராமுக்கு 1,000 ஜூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். எட்டு டிகிரிக்கு 8,000 ஜூல். நீராவி சுருங்கித் தண்ணீராகும்போதோ, கிராமுக்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை வெளிவிடும். இதைத்தான் உள்ளுறை வெப்பம் என்று படிக்கிறீர்கள். பத்துக் கிராமுக்கு 24,000 ஜூல். சூட்டைத் தணிப்பதைப்போல் மூன்று மடங்கு வேலை, ஈரத்தை நீக்குவதற்கு!

வெப்பமானியைப் பார்த்து மட்டுமே மின்சாரச் சிக்கனத்தைப் பேசுவது போதாது என்று நான் சொல்வது இதனால்தான். "விளக்கை அணையுங்கள்" என்ற அறிவிப்பு இல்லாத அலுவலகமே இல்லை. நல்ல பழக்கம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், அதே அலுவலகத்தின் முகப்புக் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடந்தால்? அதன் வழியே வினாடிக்கு ஒரு கிலோகிராம் வெளிக்காற்று நுழைவதாகக் கொள்ளுங்கள். இரண்டு சதுர மீட்டர் கதவில் மெல்லிய காற்று வீசினாலே அவ்வளவு வந்துவிடும். வினாடிக்கு 32,000 ஜூல், அதாவது 32 கிலோவாட் வெப்பச் சுமை. ஒரு பங்கு மின்சாரத்தில் நான்கு பங்கு வெப்பத்தை வெளியேற்றும் நல்ல இயந்திரம் இருந்தாலும், 8 கிலோவாட் மின்சாரம் தேவை. ஒன்பது வாட் எல்இடி விளக்குகள் ஏறத்தாழ 900 சேர்ந்து எரிவதற்குச் சமம்.

சரி, கட்டடத்தை முழுக்க அடைத்துவிடலாமா? முடியாது. உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிட வேண்டும். அவர்களுக்கு வேண்டிய புதிய காற்றை அளந்து விடுவதுதான் திறமை. கரியமில வாயுவை அளக்கும் உணரிகளைப் பொருத்தி, கூட்டம் குறைந்த நேரத்தில் காற்றின் அளவைக் குறைக்கிறார்கள். இதில் இன்னோர் ஆதாயமும் உண்டு. காற்றாடியின் வேகத்தை 80 விழுக்காட்டுக்குக் குறைத்தால் அது இழுக்கும் மின்திறன் 80 விழுக்காடாகக் குறையாது, ஏறத்தாழப் பாதியாகிவிடும். மின்திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறுவதே காரணம்: 0.8 × 0.8 × 0.8 = 0.512.

இதையெல்லாம் நேரில் காண விரும்பினால் புத்ராஜெயாவுக்குப் போகும்போது எரிசக்தி ஆணையத்தின் தலைமையகத்தைப் பாருங்கள். தலைகீழாக நிறுத்திய பிரமிடுபோல், கீழே குறுகி மேலே விரிந்திருக்கும். வைரக் கட்டடம் என்று பெயர். 2010-இல் கட்டி முடிக்கப்பட்டது. பலர் அதை அழகுக்காகச் செய்த வடிவம் என்று நினைக்கிறார்கள். அதன் சுவர்கள் 25 டிகிரி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. புத்ராஜெயா பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 3 டிகிரியில் இருப்பதால், நண்பகல் சூரியன் நம் தலைக்கு மேலிருந்து ஜூன் மாதத்தில் வடக்கே 20 டிகிரி அளவும், டிசம்பரில் தெற்கே 26 டிகிரி அளவும்தான் விலகும். எனவே, நண்பகல் வெயில் வடக்கு, தெற்குச் சுவர்களின் கண்ணாடியில் ஏறக்குறைய விழுவதே இல்லை. கட்டடம் தனக்குத்தானே குடை பிடித்துக்கொள்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது அதன் தளம். மாடித்தளக் கான்கிரீட்டுக்குள் குழாய்களைப் பதித்து, இரவில் குளிர்ந்த நீரை ஓடவிடுகிறார்கள். இரவு முழுக்கக் குளிர்ந்த கான்கிரீட், பகலில் அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இங்கே மறுபடியும் நம் தண்ணீர்ச் சொட்டு குறுக்கே வரும். கடையில் ஐஸ் மைலோ வாங்கினால் குவளையின் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? நாம் கணக்கில் எடுத்த வெளிக்காற்று, 25 டிகிரிக்குச் சற்றுக் குறைவான எந்தப் பரப்பைத் தொட்டாலும் துளியாகிவிடும். ஈரக்காற்றை உள்ளே விட்டால் குளிர்ந்த கான்கிரீட்டும் அந்தக் குவளைபோலவே வியர்த்துச் சொட்டும். ஆகவே, இப்படிப்பட்ட கட்டடத்தில் காற்றுக் கசிவைத் தடுப்பது தவிர்க்க முடியாத வேலை.

பலன்? வழக்கமான அலுவலகம் ஒன்று சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 200 கிலோவாட் மணிக்கு மேல் செலவிடும் இடத்தில், வைரக் கட்டடம் 70-க்கும் குறைவாகச் செலவிட்டிருக்கிறது. இந்த எண்ணைக் கட்டடத்தின் எரிசக்திச் செறிவு என்பார்கள். 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டத்தின்படி, 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள அலுவலகக் கட்டடங்கள் இதை அளந்து தெரிவிக்க வேண்டும். 8,000-ஐ 200-ஆலும் 70-ஆலும் பெருக்கிக் கழித்துப் பாருங்கள். ஒரே கட்டடத்தில், ஒரே ஆண்டில், 10 லட்சத்து 40 ஆயிரம் கிலோவாட் மணி வேறுபாடு.

உள்ளே எத்தனை டிகிரி வைப்பது என்ற சண்டையும் ஈரத்தில்தான் வந்து நிற்கிறது. மலேசியத் தரநிலை எம்எஸ் 1525 பரிந்துரைப்பது 24 முதல் 26 டிகிரி. "அது போதாது, புழுங்குகிறது" என்று சொல்லி 18-க்குக் குறைத்துவிட்டு, பிறகு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் அலுவலகங்கள் உண்டு. புழுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். அதைச் சரிசெய்தால் 25 டிகிரியிலும் வியர்வை எளிதில் உலரும்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏர்கோன் தண்ணீர் குளியலறைக்குள் வடிகிற வீடாக இருக்க வேண்டும். மாடி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடிக்கும் வேலை வேண்டாம். முதல் நாள் கதவு, ஜன்னல்களை மூடிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் வடியும் தண்ணீரை வாளியில் பிடித்து அளந்து எழுதுங்கள். மறுநாள் அதே நேரத்தில், ஜன்னலை ஒரு சாண் திறந்துவைத்து மறுபடியும் அளவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பின்னால் 0.67 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. வீட்டுக் கருவி ஒரு பங்கு மின்சாரத்தில் மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்றும் என்று கொண்டால், லிட்டருக்கு 0.22 கிலோவாட் மணி மின்சாரம். இரண்டு நாள் அளவுகளின் வேறுபாட்டை இதனால் பெருக்கினால், திறந்திருந்த ஜன்னல் வழியே வந்த ஈரத்துக்கு மட்டும் எவ்வளவு மின்சாரம் செலவானது என்று தெரிந்துவிடும்.