ஊழும் உலகோர் எதிர்பார்ப்பும்

ஊழ், பால், முறை, நியதி, விதி என்னும் சொற்களை ஒருபொருள் குறித்தனவாகக் கொள்வர் பரிமேலழகர். திருவள்ளுவர் ஊழினை அறத்துப்பாலின் இறுதியில் 38ஆம் அதிகாரமாகவும், ஆள்வினையுடைமையைப் பொருட்பாலில் 62ஆம் அதிகாரமாகவும் வைத்தார். இவை தம்முள் முரணும் என்பாரும் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. தனக்கு நேர்ந்த இழப்பைக் கலங்காது ஏற்றற்கு ஊழ் பற்றிய எண்ணம் உதவும். இனிச் செய்யத்தக்கதைச் செய்தற்கு முயற்சி உதவும். ஒருவன் தன்னை நோக்கி எண்ணும்போது இரண்டும் நன்மையே பயக்கும். பிறருடைய ஊழை நாம் வகுக்கப் புகும்போதுதான் தீங்கு விளைகின்றது.

இதற்குச் சான்று கம்பம் பள்ளத்தாக்கிலேயே உண்டு. அரபிக் கடலை நோக்கி மேற்கே ஓடிய பெரியாற்றை அணையால் மறித்து, மலையைக் குடைந்து, 1895ஆம் ஆண்டில் கிழக்கே திருப்பினர் பென்னி குயிக்கும் அவர்கீழ் உழைத்த தொழிலாளரும். அந்நீர் இப்பள்ளத்தாக்கின் வழியாக வைகையை அடைந்து வயல்களை வளப்படுத்தியது. ஆற்றின் பிறவிப் போக்கையும் மாற்றத் துணிந்த அதே ஆங்கில அரசு, மக்கள்திறத்தில் வேறு கொள்கை பூண்டது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு, உசிலம்பட்டி, கம்பம் முதலிய வட்டாரங்களில் வாழ்ந்த பிறமலைக் கள்ளரைப் பிறப்பினாலேயே குற்றத்திற்குரியவர் எனக் குறித்தது. கைரேகை பதிவதனை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவற்படையினர் சுட்டதனால் பலர் மாண்டனர்.

அச்சட்டம் இயங்கிய முறையை நுணுகி நோக்குக. பதிவு பெற்றவன் அனுமதிச் சீட்டின்றி வெளியூர் சென்றால், களவொன்றும் செய்யாதிருப்பினும் தண்டனை பெறுவான். தண்டனை பெற்றமையால் அவன் பெயர் குற்றவாளிகள் வரிசையில் ஏறும். அவ்வரிசையைக் காட்டி, "இவர் இயல்பு இதுவே" என்பர். இவ்வாறு எதிர்பார்ப்பே தனக்குரிய சான்றினைப் படைத்துக்கொள்கின்றது. உலகோர் அதற்கு விதி என்று பெயரிடுகின்றனர்.

1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் அச்சட்டத்தை நீக்கியது. அம்மரபிற் பிறந்தோர் பலர் கல்வி கற்று ஆசிரியராகவும் அலுவலராகவும் விளங்கினர். அவர் பிறப்பு மாறவில்லை. வாயில் திறந்தது, அவ்வளவே.

எனினும், சட்டம் நீங்கினும் எண்ணம் எளிதில் நீங்குவதன்று. "இவன் குலத்திற்கு இத்தொழில்தான்", "பெண்ணாய்ப் பிறந்தாள், அவள் தலையெழுத்து" என்னும் உரைகள் இன்றும் நம் வீடுகளில் கேட்கின்றன. இவை ஊழைப் பற்றிய அறிவல்ல; நாம் அடைத்து வைத்த வாயிலுக்கு நாமே இட்ட பெயர். ஆதலின், அன்பர்காள், ஊழ் என்னும் சொல்லை நம் துயரை ஆற்றுதற்கு வழங்குவோமாக. பிறருடைய எல்லையை வகுத்தற்கு வழங்காதிருப்போமாக.