பசை காயும்வரை

அன்பு மருமகளுக்கு,

உன் சீனியர் கொடுத்த ட்ராக் சக்கரங்களின் படங்களைப் பார்த்தேன். அலுமினிய ரிம் நன்றாக இருக்கிறது. டயர்தான் இரண்டும் போய்விட்டன. பக்கவாட்டில் ரப்பர் வெடித்து நூல் தெரிகிறது. ஆவடியில் பஞ்சர் கடைக்காரர், “சொல்யூஷன் தடவி அரை மணியில் ஒட்டித் தர்றேன்” என்றாராம். கொடுத்துவிடாதே. சொல்யூஷன் டியூபில் பேட்ச் போடுவதற்கு உண்டானது. அந்த வேலையில் அதற்கு நிகர் கிடையாது. உன்னுடையவை ரிம்மில் ஒட்டும் டியூபுலர் டயர்கள், அவற்றைப் பிடித்துவைக்க அது போதாது. இந்த வேலையை நீயே செய். மூன்று நான்கு நாள் ஆகும், ஆகட்டும்.

சாதாரண டயரின் இரண்டு ஓரத்திலும் கம்பி ஓடும். காற்றடித்ததும் ரிம்மின் விளிம்பு அதைக் கவ்விக்கொள்ளும். டியூபுலரில் கம்பியும் இல்லை, கவ்வும் விளிம்பும் இல்லை. டியூபை உள்ளே வைத்துத் தலையணை உறை போலச் சுற்றித் தைத்து, தையலின் மேல் ஒரு துணிப்பட்டையை ஒட்டியிருப்பார்கள். அந்தப் பட்டை ரிம்மின் ஆழமில்லாத பள்ளத்தில் உட்காரும். காற்றடிக்கும்போது டயரின் குறுக்கு நூல்கள் இழுபட்டு, வட்டம் சுருங்கி, ரிம்மைக் கொஞ்சம் இறுக்கும். ஆனால் வளைவில் டயரைப் பக்கவாட்டில் தள்ளும் விசைக்கு ஈடுகொடுப்பது பசைதான். காற்று இறங்கிவிட்டால் பசையைத் தவிர வேறு பிடிமானமே இல்லை. மேலக்கோட்டையூர் வெலோட்ரோமின் சரிவில் முழு வேகத்தில் போகும்போது டயர் உருண்டு கழன்றால் என்ன ஆகும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்பாய். விளிம்பு இல்லாததால் ரிம் எடை குறைவு. சாதாரண டயர் தாங்காத காற்றழுத்தத்தை இது தாங்கும். சாலைப் பந்தய அணிகள் பெரும்பாலும் டியூப்லெஸ்ஸுக்கு மாறிவிட்ட பிறகும் ட்ராக்கில் டியூபுலர் நிற்பது இதனால்தான்.

நம் பக்கத்துப் பஞ்சர் கடைகளுக்கு இந்த வேலை பழக்கமில்லாததற்கு ஒரு கதை உண்டு. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பெயரைத் தாங்கிய கம்பெனியின் தொழிற்சாலை பிற்பாடு நம் அம்பத்தூரிலேயே ஓடியது. அந்த முதல் டயர்கள் ரிம்மில் ஒட்டப்பட்டவை. 1889-இல் பிரான்சின் கிளெர்மோன்-ஃபெராங் ஊரில் மிஷலின் சகோதரர்களின் ரப்பர் பட்டறைக்கு ஒருவர் பஞ்சரான டன்லப் டயரோடு வந்தார். பிய்த்துச் சரிசெய்யவே மூன்று மணி நேரம். பிறகு ராத்திரி முழுக்கப் பசை காய வேண்டும். மறுநாள் எதுவார் மிஷலின் அதை ஓட்டிப் பார்த்தார். சில நூறு மீட்டரிலேயே மறுபடி காற்று போய்விட்டது. டயர் கையால் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும் என்று அவர் அன்று முடிவு செய்தார். 1891-இல் அப்படிப்பட்ட டயரோடு ஷார்ல் தெரோன் சுமார் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயத்தை ஜெயித்தார். மிஷலின் நினைத்தது சரி. 1949-இல் அம்பத்தூரில் பிறந்த டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் நம் தெருக்களை நிறைத்தது கழற்றி மாட்டும் டயரோடுதான். பால்காரர் டியூபுலர் ஒட்டிக்கொண்டு உட்கார முடியுமா? நம் கடைக்காரர்கள் கற்றது அந்த வேலையை, அதில் கெட்டிக்காரர்கள்.

சரி, வேலைக்கு வா. காற்றை முழுசாக இறக்கு. வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம், டயரின் ஓர் ஓரத்தில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அதை மறுபக்கமாகத் தள்ளு. அசையவில்லையா? முன்னால் ஒட்டியவர் ஒழுங்காக ஒட்டியிருக்கிறார் என்று சந்தோஷப்படு. இரண்டு அங்குலம் தள்ளி முயற்சி செய். எங்காவது ஒரு நகக்கண் அளவு இடைவெளி திறக்கும். அதில் மழுங்கிய பிளாஸ்டிக் லீவரை நுழைத்து, மறுபக்கம் வரை தள்ளி, அதையே பிடியாகக் கொண்டு டயரை மேலே உருட்டு. பசை சரசரவென்று பிரியும் சத்தம் கேட்கும். ஸ்க்ரூடிரைவரைத் தொடவே தொடாதே. ரிம்மில் விழும் கீறலை எந்தப் பசையும் சரிசெய்யாது. வால்வை எட்டியதும் நேராக மேலே தூக்கி எடு.

ரிம்மில் பழைய பசை சமமான மெல்லிய படலமாக நின்றால் அப்படியே விடலாம், புதுப் பசைக்கு அது நல்ல அடித்தளம். கட்டி கட்டியாக, உதிரும் நிலையில் இருந்தால் துணியில் அசிட்டோன் நனைத்துத் துடை. உன்னுடையது அலுமினியம் என்பதால் அசிட்டோன் சொல்கிறேன். கார்பன் ரிம் என்றால் தயாரித்தவர் சொன்னதைத்தான் போட வேண்டும். கையுறை போட்டுக்கொள். மொட்டை மாடியில் நிழலில் வைத்துச் செய். பூஜை விளக்கு, அடுப்புப் பக்கம் வேண்டாம், அந்த ஆவி பற்றிக்கொள்ளும்.

புது டயரைப் பசையே இல்லாமல் ரிம்மில் மாட்டிக் காற்றடித்து ஒரு ராத்திரி விடு. புது டயர் இறுக்கமாக இருக்கும். இப்படி விரித்து வைக்காவிட்டால், ஈரப் பசையோடு மல்லுக்கட்டிக் கையெல்லாம் பூசிக்கொள்வாய், டயரும் கோணலாக உட்காரும்.

அடுத்தது பசை. டியூபுலருக்கென்றே விட்டோரியா, கான்டினென்டல் போன்றவர்களின் ரிம் சிமென்ட் கிடைக்கிறது. சின்ன பிரஷால் ரிம்மில் மெல்லிய ஒரு கோட், ஓரம் வரை. பசை வேலை செய்ய வேண்டிய இடம் ஓரம்தான். நடுவில் குவித்து ஓரத்தை விட்டால் டயர் அங்கிருந்துதான் பிரிய ஆரம்பிக்கும். டயருக்குக் கொஞ்சம் காற்று கொடுத்தால் பட்டை வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். அதிலும் ஒரு கோட். காயவிடு. மறுநாள் ரிம்மில் இன்னொன்று. தடிமனாக ஒரே தடவை அப்புவது தப்பு. மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நின்றுவிடும். எத்தனை மணி நேரம் என்பது பசைக்குப் பசை மாறும். டப்பாவில் போட்டிருப்பதைப் படி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் தாராளமாக நேரம் கொடு. துணிப்பட்டை ஈரம் குடித்தால் பிடிப்பு போய்விடும்.

கடைசிக் கோட் ரிம்மில் ஈரமாக இருக்கும்போதே மாட்ட வேண்டும். சக்கரத்தைத் தரையில் நிறுத்தி, வால்வு ஓட்டை மேலே இருக்கும்படி வைத்து, வால்வை நுழை. இரண்டு கையாலும் இருபக்கமும் டயரைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே வா. கடைசி ஒரு சாண் கட்டைவிரலால் ஏறும். உடனே லேசாகக் காற்றடித்து, சக்கரத்தைச் சுழற்றி, பட்டை இருபக்கமும் ஒரே அளவு தெரிகிறதா பார். கோணல் இருந்தால் பசை இறுகுவதற்குள் திருகிச் சரிசெய். பிறகு முழு அளவு காற்று, டயரில் அச்சிட்டிருப்பதைத் தாண்டாமல். ஒரு நாள் முழுக்கத் தொடாதே.

மறுநாள் காற்றை இறக்கிவிட்டு, ரிம் சுற்றிலும் கட்டைவிரலால் தள்ளிப் பார். ஓர் இடத்தில் வாய் திறந்தாலும் கழற்று, மறுபடி ஒட்டு. ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னும் இதைச் செய். 2003 டூர் தெ பிரான்ஸில் இரண்டாமிடத்தில் இருந்த ஹோசேபா பெலோகி, காப் நகருக்கு இறங்கும் வழியில் வெயிலில் உருகிய தாரில் பிரேக் பிடித்தார். பின் சக்கரம் பூட்டிக்கொண்டது, டயர் ரிம்மை விட்டு உருண்டது. தொடையெலும்பு, முழங்கை, மணிக்கட்டு மூன்றும் முறிந்தன. பழைய ஓட்டம் அவருக்குத் திரும்பவேயில்லை. நல்ல மெக்கானிக்குகள் ஒட்டிய சக்கரத்துக்கே அந்தக் கதி. உன் ட்ராக் சைக்கிளில் பிரேக் கிடையாது, அதனால் கொல்லிமலை இறக்கத்தில் ரிம் சூடேறுவது போன்ற ஆபத்து உனக்கு இல்லை. ஆனால் சித்திரை வெயிலில் கார் டிக்கியில் சக்கரத்தைப் பூட்டி வைக்காதே. பசை சூட்டில் இளகும்.

சனிக்கிழமை பழைய டயர்களைக் கழற்றியதும் ரிம்மையும் டயரின் அடிப்பட்டையையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. பசை எந்தப் பக்கம் நின்றிருக்கிறது என்று பார்த்துவிட்டு, எதற்கு எத்தனை கோட் என்று சொல்கிறேன். அதுவரை டப்பாவைத் திறக்க வேண்டாம்.

அன்புடன்,
மாமா
அம்பத்தூர்