கப்பல் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி, அக்கா சொல்றதைக் கொஞ்சம் கேளு

சொகுசுக் கப்பல் டூர்னு பேச்செடுத்தாலே, எந்தக் கப்பல் பெருசு, மேல எத்தனை நீச்சல் குளம்னுதான் எல்லாரும் முதல்ல விசாரிக்கிறாங்க. தங்கச்சி, நீ அங்கேருந்து ஆரம்பிக்காதே. உன்கூட வர்றவங்கள்ல யாருக்கு ரொம்ப முடியாது, யாரு ரொம்பச் சின்னதுன்னு பாரு. அவங்களுக்கு எது ஒத்துவருமோ அந்தக் கப்பலையும் அந்த மாசத்தையும் எடு. ஊட்டிக்குப் போய் அம்மாவுக்கு முடியலைன்னா அன்னிக்கே வண்டியைத் திருப்பிடலாம். நடுக்கடல்ல அது நடக்காது.

கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு 24 வாரம் ஆயிட்டா, இல்ல பயணம் முடியறதுக்குள்ள ஆகிடும்னா, பெரும்பாலான கம்பெனிகள் ஏத்திக்கவே மாட்டாங்க. கைக்குழந்தைன்னா குறைஞ்சது ஆறு மாசம் முடிஞ்சிருக்கணும்; நீண்ட கடல் பயணத்துக்கு ஒரு வயசு கேக்குறாங்க. முழங்கால் வலிக்காரங்களுக்கு நடைதான் பிரச்னை. சிங்கப்பூர்லேருந்து கிளம்புற பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல நீளம். சாப்பாட்டு ஹால் ஒரு கோடியில, உங்க ரூம் இன்னொரு கோடியிலன்னு அமைஞ்சா, மூணு வேளையும் அம்மா அவ்வளவு தூரம் நடக்கணும். அதனால லிஃப்ட் பக்கத்துல ரூம் கேளு. டெர்மினல்ல சக்கர நாற்காலி வேணும்னா புக் பண்ணும்போதே எழுதிக் குடுத்துடு.

கப்பல்ல டாக்டர் இருப்பார், சின்ன ஆஸ்பத்திரியும் இருக்கும். ஆனா கட்டணம் டாலர்ல, நம்ம ஊரு கிளினிக் கணக்கே இல்ல. டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது கப்பல் பயணம் அதுல அடங்குதா, அவசரத்துக்குக் கரைக்குக் கொண்டுபோற செலவு வருதா, பெரியவங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷர் வருதான்னு மூணையும் படிச்சுப் பாரு. இந்த ஒரு செலவுல மட்டும் சிக்கனம் பார்க்காதே.

நம்ம ஊருக்காரங்களுக்கு முதல் பயணத்துக்குச் சிங்கப்பூர்தான் வசதி. சென்னை, திருச்சி, கோவையிலேருந்து நேரா ஃபிளைட் இருக்கு. மூணு நாலு ராத்திரிப் பயணம். பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் மாதிரி இடங்கள். பாஸ்போர்ட்டே இல்லாத பெரியவங்க இருந்தா, சில மாசங்கள்ல சென்னைத் துறைமுகத்துலேருந்தே கார்டீலியா கப்பல் கிளம்புது. 2022 ஜூன்ல இங்கேருந்து ஓட ஆரம்பிச்சது. இந்தியாவுக்குள்ளேயே சுத்தித் திரும்பற பயணமா இருந்தா அரசு அடையாள அட்டை போதும். கப்பல் நமக்கு ஒத்துக்குமான்னு தெரிஞ்சுக்க அது நல்ல வழி.

மாசம் முக்கியம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காத்து புக்கெட் பக்கம் கடலைக் கிளப்பிவிடும். அங்க படோங் கடற்கரைக்கு எதிர்ல கப்பலை நங்கூரம் போட்டு, சின்னப் படகுல கரைக்குக் கூட்டிப்போவாங்க. அலை அதிகமா இருந்தா படகை நிறுத்திடுவாங்க. புக்கெட்டைத் தள்ளி நின்னு பார்த்துட்டுத் திரும்ப வேண்டியதுதான். கால் தடுமாறுற பெரியவங்களுக்கு ஆடுற படகுல இறங்கி ஏறுறதும் கஷ்டம். பினாங்கு, போர்ட் கிளாங் ரெண்டும் மலாக்கா நீரிணையில இருக்கு. ஒரு பக்கம் சுமத்ரா, ஒரு பக்கம் மலேசியான்னு நிலம் அணைச்சு நிக்கிறதால அலை குறைவு. கப்பலும் நேரா மேடையிலேயே வந்து நிக்கும். வயசானவங்களோட போறவளுக்கு என் சிபாரிசு இந்த வழிதான். புக்கெட் வேணும்னா ஜனவரியிலேருந்து மார்ச்சுக்குள்ள போ.

விசாவுல ஒரு நுணுக்கம் இருக்கு. சிங்கப்பூர்ல ஏறி சிங்கப்பூர்லேயே இறங்கினாலும், நடுவுல நீ அந்த நாட்டை விட்டுப் போயிட்டு மறுபடி உள்ள வர்ற. ஆக, பல முறை நுழையற விசாதான் வேணும். ஃபிளைட்ல வரும்போது ஆன்லைன்ல நிரப்பின வருகை அட்டையைக் கப்பல்லேருந்து திரும்பும்போதும் புதுசா நிரப்பணும். மலேசியா, தாய்லாந்துக்கும் அதே மாதிரி ஆன்லைன் அட்டை உண்டு. இந்தியர்களுக்கு விசா வேணுமா வேண்டாமாங்கற சலுகை அடிக்கடி மாறுது. ஏஜென்ட் சொன்னார்னு விட்டுடாம, கிளம்புறதுக்கு முன்னாடி அந்தந்த நாட்டு அரசுத் தளத்துல நீயே பாரு. பாஸ்போர்ட்ல ஆறு மாசத்துக்கு மேல காலம் பாக்கி இருக்கணும்.

விளம்பரத்துல போடுற விலை பாதி விலைதான்னு வச்சுக்கோ. அது ஒரு ரூம்ல ரெண்டு பேர் தங்குனா ஆளுக்கு ஆகிற விலை. தனியா போனா கிட்டத்தட்ட ரெண்டு பேர் காசையும் நீயே கட்டணும். துறைமுகக் கட்டணம், வரி தனி. ஊழியர்களுக்கான டிப்ஸ் தனி. பெரிய அமெரிக்கக் கம்பெனிகள்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலருக்கு மேல வரும், குழந்தைக்கும் உண்டு. இங்க பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ்னு ஒரு வரித் தொகை பிடிப்பாங்க. அதுக்கான சான்றிதழை வாங்கி வச்சுக்கிட்டா வருமான வரி தாக்கல் பண்ணும்போது கணக்குல கழிச்சுக்கலாம். பானப் பேக்கேஜ், போட்டோ பேக்கேஜ்னு ஏறின முதல் மணி நேரத்துலேயே வந்து நிப்பாங்க. குடிக்காத குடும்பத்துக்கு அந்தப் பானப் பேக்கேஜ் தேவையே இல்ல. தண்ணி, டீ, காபி சாப்பாட்டு ஹால்லேயே உண்டு. கப்பல்ல ரொக்கம் செல்லாது. ரூம் சாவியா இருக்கிற அட்டையிலதான் எல்லாம் ஏறும். பிள்ளைகளோட அட்டையில செலவு பண்ற வசதியை முதல் நாளே நிறுத்தச் சொல்லிடு. தினம் ராத்திரி கணக்கைப் பாரு. தப்பா ஏறியிருந்தா அன்னிக்கே கேட்டாச் சரிபண்ணிடுவாங்க. இறங்குற அன்னிக்குக் காலையில கேட்டா நீண்ட கியூவுல நிக்கணும்.

ரூம் எடுக்கும்போது கப்பலோட வரைபடத்தை வாங்கி முன்னாடி வச்சுக்கோ. நீளவாக்குல நடுவுல, கீழ்த் தளத்துல இருக்கிற ரூம்லதான் ஆட்டம் குறைவு. முன்பக்கமும் மேல் தளமும்தான் அதிகமா ஆடும். உன் ரூமுக்கு மேலயும் கீழயும் ரூம்களே இருக்கணும். மேல சாப்பாட்டு ஹால் இருந்தா விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கிற சத்தம், கீழ நடன அரங்கம் இருந்தா நடுராத்திரி வரைக்கும் பாட்டு. ஜன்னல் இல்லாத உள் ரூம் விலை குறைவு. விளக்கை அணைச்சா கும்மிருட்டு, விடிஞ்சதே தெரியாது. ராத்திரி எழுந்திருக்கிற பெரியவங்களுக்காகச் சின்ன பேட்டரி விளக்கு ஒண்ணு கொண்டுபோ. பால்கனி ரூம் சுகம்தான், கடலைப் பார்த்துக்கிட்டே அப்பா காபி குடிப்பார். ஆனா ஓடியாடுற குழந்தை இருந்தா கதவோட மேல் தாழ்ப்பாளை எப்பவும் போட்டு வை, கம்பி பக்கத்துல நாற்காலியே இருக்கக் கூடாது. ரெண்டு வயசுக் குழந்தையோட போறவ ஜன்னல் மட்டும் இருக்கிற ரூமை எடுத்துட்டு நிம்மதியா தூங்கலாம்.

கடல் மயக்கம் வருமோன்னு பயந்தா, வந்தப்புறம் மாத்திரை தேடாதே. வாந்தி ஆரம்பிச்சப்புறம் மாத்திரை வயித்துல தங்காது. ஊர்லேயே டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கிக்கோ. கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொந்தரவு இருக்கிறவங்களுக்கு அந்த மாத்திரைகள்ல சிலது ஆகாது, அதனால அப்பாவுக்கு நீயா கடையில வாங்கிக் குடுக்காதே. வெறும் வயித்தோட இருந்தா குமட்டல் கூடும். ரெண்டு இட்லி அளவுக்காவது லேசா ஏதாவது சாப்பிடணும். இஞ்சி மிட்டாய் நல்லா கேக்கும். தலை சுத்த ஆரம்பிச்சா போனைக் கீழ வச்சுட்டு, காத்து வர்ற இடத்துல நின்னு தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டைப் பாரு.

மூட்டை கட்டும்போது இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர், சூடு பண்ற காயில், மெழுகுவத்தி, ஊதுவத்தி எதையும் வைக்காதே. கப்பலுக்குத் தீதான் பெரிய பயம், ஸ்கேன்ல பார்த்ததும் எடுத்து வச்சுக்குவாங்க. பல கம்பெனிகள் எக்ஸ்டென்ஷன் போர்டையும் விடமாட்டாங்க. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கிட்டு ஏற முடியாது, சமைச்ச சாப்பாட்டை அனுமதிக்கிறதில்ல. கம்பெனி பாக்கெட்ல சீல் போட்ட பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு இருந்தா பெரும்பாலும் விடுவாங்க. ரூம் சுவர் இரும்புங்கிறதால காந்தக் கொக்கி நாலு வாங்கிப் போ. தொப்பி, துண்டு, பை எல்லாம் அதுல மாட்டலாம், சின்ன ரூம் பெருசாயிடும்.

சைவக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. புக் பண்ணும்போதே இந்திய சைவம்னு எழுத்துல கேட்டுடு, முட்டை வேண்டாம்னா அதையும் சேர்த்து எழுது. வெளிநாட்டு சமையல்ல வெஜிடேரியன்ங்கிறதுக்குள்ள முட்டையும் வந்துடும். தாய் சமையல்ல காய்கறிக் குழம்புலேயும் மீன் சாஸ் இருக்கும். முதல் ராத்திரியே தலைமை பரிமாறுறவர்கிட்ட நேர்ல சொன்னா, அடுத்த நாளுக்கான பருப்பு, சப்பாத்தி, காய்னு முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிடுவார். பெரிய கப்பல் சமையல்கட்டுகள்ல இந்திய சமையல்காரங்க நிறைய பேர் இருக்காங்க. கேட்டாத்தான் கிடைக்கும்.

சிங்கப்பூர்ல கப்பல் ஏற ரெண்டு இடம் இருக்கு: மெரினா பே க்ரூஸ் சென்டர் ஒண்ணு, ஹார்பர்ஃபிரன்ட் பக்கம் இருக்கிற சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர் இன்னொண்ணு. டாக்சிக்காரர்கிட்ட வெறுமனே க்ரூஸ் சென்டர்னு சொன்னா தப்பான இடத்துல கொண்டுபோய் விட்டுடுவார். டிக்கெட்டைப் பார்த்துப் பேரைச் சொல்லு. அதே நாள் ஃபிளைட் இறங்கிக் கப்பலைப் பிடிக்கிற திட்டமே வேண்டாம்; முந்தின நாளே போய்ச் சேரு. பெரிய பெட்டியை வாசல்லேயே வாங்கிக்குவாங்க, அது ரூமுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகலாம். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாத்துத் துணி, குழந்தைக்குப் பால் பவுடர் இதெல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும்.

ஏறின உடனே எல்லாரும் பஃபேக்குப் போவாங்க. நீ முதல்ல பாதுகாப்புப் பயிற்சியை முடி. 2012 ஜனவரியில இத்தாலிப் பக்கம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில மோதிச் சாஞ்சது, 32 பேர் இறந்தாங்க. அன்னிக்குச் சாயங்காலம் ஏறின நூத்துக்கணக்கான பேருக்குப் பயிற்சியே நடந்திருக்கல, மறுநாள் வச்சிருந்தாங்க. அதுக்கப்புறம்தான் சர்வதேச விதியை மாத்தி, கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ பயிற்சி நடந்தாகணும்னு கொண்டுவந்தாங்க. இப்போ பல கப்பல்கள்ல போன்ல வீடியோ பார்த்துட்டு, கூடுற இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினாப் போதும். நீ அதோட விடாதே. ஏழு குறுகின சங்கு, அப்புறம் ஒரு நீண்ட சங்கு ஊதினா அதுதான் ஆபத்து அறிவிப்புன்னு எல்லாருக்கும் சொல்லிக் குடு. ஆபத்து நேரத்துல லிஃப்ட்டைப் பயன்படுத்தக் கூடாது. ரூம்லேருந்து அந்த இடத்துக்குப் படி வழியா அம்மா அப்பாவோட ஒரு தடவை நடந்து பாரு. படி ஏற முடியாதவங்க இருந்தா ரிசப்ஷன்ல பேரைப் பதிஞ்சு வை; உதவிக்கு ஆள் ஒதுக்குவாங்க.

கரை மறைஞ்சதும் எல்லா போனையும் ஃபிளைட் மோடுக்கு மாத்து. நடுக்கடல்ல கப்பலோட சாட்டிலைட் நெட்வொர்க்கை போன் தானாப் பிடிச்சுக்கும், சாதாரண ரோமிங் பேக் அதுக்குச் செல்லாது. வீட்டுக்குப் பேசியே ஆகணும்னா கப்பல் வைஃபையை ஊர்லேருந்தே வாங்கிடு, விலை குறையும்.

இறங்குற ஊர்கள்ல பினாங்குக்கு டூர் பேக்கேஜ் வேண்டாம். கப்பல் நிக்கிற ஸ்வெட்டன்ஹாம் மேடையிலேருந்து ஜார்ஜ் டவுன் நடந்து போற தூரம்தான். அங்க குயின் தெருவுல 1833-ல எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கு, சுத்திலும் தமிழ்க் கடைகள், இட்லி தோசைக்குக் கவலையில்ல. போர்ட் கிளாங் அப்படி இல்ல. பத்துமலை முருகனைப் பார்க்கணும்னா போக வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல கார்லேயே போயிடும், நெரிசல் வேற. 272 படி ஏற முடியாத பெரியவங்க, 140 அடிச் சிலையைக் கீழேருந்தே கும்பிட்டுட்டு வரலாம். இந்த மாதிரி தூரப் பயணத்துக்குக் கப்பல்காரங்க நடத்துற டூர்ல போ. அது தாமதமானா கப்பல் காத்திருக்கும், இல்லேன்னா அடுத்த ஊர்ல கொண்டுசேர்க்கிற பொறுப்பு அவங்களோடது. நீயா கார் பிடிச்சுப் போய்த் தாமதமானா கப்பல் போயிட்டே இருக்கும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னாடி. எந்த நேரத்தைக் கணக்குல வைக்கணும்னு இறங்கும்போதே கேட்டுக்கோ.

சாப்பிடப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். கப்பல்ல வேகமாப் பரவுற வாந்தி பேதிக் கிருமி நோரோ வைரஸ். அதுக்கு சானிட்டைசர் சரியா வேலை செய்யாது, சோப்பும் தண்ணியும்தான்.

கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். உன் ரூமைத் துடைச்சு, துண்டை மடிச்சு வச்ச பிள்ளையும், அப்பாவுக்குச் சப்பாத்தி கொண்டுவந்து குடுத்த பிள்ளையும் மாசக்கணக்கா வீட்டை விட்டு வந்து, வார லீவுகூட இல்லாம உழைக்கிறவங்க. அவங்க சட்டையில இருக்கிற பேரைப் படிச்சு, பேர் சொல்லிக் கூப்பிடு. பயணம் முடிஞ்சதும் கம்பெனி அனுப்புற கருத்துப் படிவத்துல அந்தப் பேரை எழுதி, என்ன நல்லது செஞ்சாங்கன்னும் எழுது. அவங்க பதவி உயர்வுக்கு அது உதவும். வீட்டுக்கு வந்ததும் மறந்துடாதே, அந்த வாரமே நிரப்பி அனுப்பிடு.