ஒரு பாடம், ஒரு செயல்

அன்புள்ள தங்கைக்கு,

மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவில் சேர்ந்த கையோடு, தொற்றுத் தடுப்புக் கையேட்டைச் செல்பேசியில் படிக்கும் சிறு பாடங்களாக மாற்றும் பொறுப்பும் உன்னிடம் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். ஒரு பாடம் மூன்று நிமிடம் இருக்கலாமா, ஐந்தா, ஏழா என்றும் கேட்டிருந்தாய். ஓர் எண்ணைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த எண் தொடக்கத்திலேயே உன்னைத் திசை மாற்றிவிடும். பாடத்தின் அளவைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதே. படிப்பவர் தன் வேலையில் செய்ய வேண்டிய ஒரு செயலைப் பார்த்து முடிவு செய். யார், எந்த இடத்தில், எதைச் செய்ய வேண்டும் என்பது தெளிந்துவிட்டால் நிமிடக் கணக்கு தானாக அமைந்துவிடும். நான் சொல்கிறேன் என்பதற்காக இதை நீ ஏற்க வேண்டாம். இதற்கான சான்றுகளையும், இதற்கு எதிராக எழும் கேள்விகளையும் எழுதுகிறேன், எடைபோட்டுப் பார்.

சிறு பாடம் என்றதும் ஆறு நிமிடம் என்ற அளவு அடிக்கடி பேசப்படுகிறது. 2014-இல் பிலிப் குவோவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தின் நான்கு படிப்புகளில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் அமர்வுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீண்டாலும், மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. பயனுள்ள ஆய்வுதான், ஆனால் அது அளந்தது பார்த்த நேரத்தை மட்டுமே. பார்த்தவர் எதைக் கற்றார், கற்றதை ஒரு மாதம் கழித்துச் செய்தாரா என்பதற்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை. மேலும் அவர்கள் ஒரு படிப்பை விரும்பித் தேடி வந்த மாணவர்கள். இரவு டியூட்டியின் நடுவே மருந்து நேரத்தையும் உறவினர்களின் கேள்விகளையும் சமாளிக்கும் ஒரு செவிலியருக்கு அந்த ஆறு நிமிடத்தை அப்படியே விதியாக்க முடியாது.

அப்படியானால் பாடம் சிறிதாக இருக்க வேண்டியதற்கு உண்மையான காரணம் என்ன? நம் மனம் ஒரே நேரத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய புதிய செய்திகள் மிகக் குறைவு. 1956-இல் ஜார்ஜ் மில்லர் அதை ஏழு அளவில் மதிப்பிட்டார். 2001-இல் நெல்சன் கோவன் அது நான்கு அளவில்தான் இருக்கும் என்று வாதிட்டார். அதே ஆண்டில் ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும் வெளியிட்ட ஒரு சோதனை உனக்கு நேரடியாக உதவும். மின்னல் எப்படி உருவாகிறது என்பதை விளக்கும் ஓர் அசைபடம், இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுவது. அதை 16 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பொத்தானை வைத்தார்கள். பார்ப்பவர் தயாரானதும் அழுத்தினால் அடுத்தது வரும். இப்படித் தன் போக்கில் பார்த்தவர்கள், இடைவிடாமல் ஓடிய படத்தைப் பார்த்தவர்களைவிடப் புதிய கேள்விகளுக்கு நன்றாக விடை கண்டார்கள். கவனி: இரண்டரை நிமிடம் கூட இல்லாத படமே தொடர்ந்து ஓடினால் புதியவருக்கு மூச்சு முட்டுகிறது. உதவியது நேரத்தின் குறைவு அல்ல. பொருள் முடியும் இடத்தில் நிறுத்தியதும், அடுத்ததை எப்போது எடுப்பது என்ற உரிமையைப் படிப்பவர் கையில் கொடுத்ததும்தான் உதவின. 40 பக்கக் கையேட்டை நான்கு நான்கு பக்கமாக வெட்டிச் செல்பேசியில் ஏற்றுவது துணியைக் கிழிப்பது போன்றது. சட்டை வேண்டுமானால் முதலில் உடம்பை அளந்தாக வேண்டும்.

அந்த அளவை எப்படி எடுப்பது என்பதைக் கை சுத்தம் பற்றிய பகுதியை வைத்தே பார்ப்போம். கையேட்டின் போக்கில் போனால் முதல் பாடம் நுண்ணுயிர் வகைகள், இரண்டாவது தொற்றின் வரலாறு, மூன்றாவது கை கழுவும் முறை என்று வரும். வேலையின் போக்கில் போனால் பிரிவுகள் வேறாகும். செவிலியர் கையைச் சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது: நோயாளியைத் தொடுவதற்கு முன், தூய்மை தேவைப்படும் செயலுக்கு முன், உடல் திரவம் பட வாய்ப்பிருந்த வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு முடிவு எடுக்க வேண்டிய இடம்; ஒவ்வொன்றும் ஒரு பாடம். ஐந்தாவதை எடுத்துக்கொள். செவிலியர் நோயாளியைத் தொடவே இல்லை. ஒலி எழுப்பிய இன்ஃப்யூஷன் பம்பை நிறுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். இப்போது கையைச் சுத்தம் செய்ய வேண்டுமா? பாடம் இந்தக் காட்சியோடும் இந்தக் கேள்வியோடும் தொடங்கட்டும். அவர் விடை சொன்ன பிறகு காரணத்தைச் சொல்: பம்பிலும் கட்டில் கம்பியிலும் அந்த நோயாளியின் கிருமிகள் இருக்கலாம், அவை கையோடு அடுத்தவரிடம் போகும். பிறகு செய்ய வேண்டியதைச் சொல்: ஆல்கஹால் திரவமானால் 20 முதல் 30 நொடி தேய்க்க வேண்டும், கையில் அழுக்கோ ரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பும் நீரும்தான், அதற்கு 40 முதல் 60 நொடி ஆகும். அதன்பின் சற்று மாறுபட்ட இன்னொரு காட்சி: இம்முறை அவர் கையுறை அணிந்து கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார், கழற்றிவிட்டார். கையுறை போட்டிருந்ததால் கை சுத்தம் தேவையில்லை என்று எண்ணுவாரா? இத்துடன் பாடம் முடிந்தது. இரண்டு நிமிடம் ஆகலாம், நான்கும் ஆகலாம். அது முக்கியமே இல்லை.

இந்த முறை செல்பேசியோடு பிறந்தது என்று நினைத்துவிடாதே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குள் அனுபவமில்லாதவர்கள் பெருந்திரளாக வந்தபோது, அரசின் தொழிலகப் பயிற்சித் திட்டம் மேற்பார்வையாளர்களுக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தது. வேலையை முக்கியப் படிகளாகப் பிரி, ஒவ்வொரு படியிலும் தவறினால் வேலை கெடும் நுட்பம் எது என்று குறி, காட்டு, செய்யச் சொல், பிறகு திரும்பிப் போய்ப் பார். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் ஓர் அட்டையில் இந்த முறை அடங்கிவிட்டது. போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகளும் அதை எடுத்துக்கொண்டன. ஆகவே மென்பொருளைத் திறப்பதற்கு முன், வார்டில் நல்ல கை என்று பெயர் எடுத்த ஒரு சிஸ்டரோடு உட்கார்ந்து, புதிதாக வருபவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று கேட்டு எழுது. உன் பாடத்தின் உயிர் அந்தக் குறிப்பில்தான் இருக்கும்.

பாடத்துக்குள்ளேயே கேள்விகளை வைக்கச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. 2006-இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதையே மீண்டும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழானது: நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது, மீண்டும் படித்தவர்களுக்கு 42 விழுக்காடுதான். பாடம் முடிந்த கையோடு வைக்கும் தேர்வில் எல்லோரும் நன்றாகச் செய்தார்கள் என்று மகிழ்வது ஏன் ஆபத்தானது என்று இதிலிருந்து தெரியும். கேள்வி என்பது கற்றதை அளக்கும் கருவி மட்டுமல்ல. கற்பதும் அதன் வழியாக நடக்கிறது. அதனால் தவறான விடைகளைச் சிரத்தையோடு எழுது. யாரும் தேர்ந்தெடுக்க மாட்டாத விடைகளை வைத்து இடத்தை நிரப்பாதே. வார்டில் உண்மையாகவே நடக்கும் தவறுகள்தான் அங்கே இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அது ஏன் தவறு என்ற விளக்கமும் இருக்க வேண்டும்.

அடுத்தது, பாடம் திரும்பி வர வேண்டும். 1885-இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன் மறதியை அளந்தார். முதல் சில மணி நேரத்தில் மறதி வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடப்பதைக் கண்டார். திரும்பப் படிப்பதற்கு ஏற்ற இடைவெளியை 2008-இல் நிக்கோலஸ் செபெடாவும் குழுவினரும் ஆராய்ந்தார்கள். ஒரு வாரம் நினைவிருக்க வேண்டுமானால் ஓரிரு நாள் இடைவெளி போதும்; ஏறக்குறைய ஓராண்டு நினைவிருக்க வேண்டுமானால் மூன்று வார அளவிலான இடைவெளி நல்லது என்பது அவர்களின் முடிவு. மருத்துவத் துறையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி உயிர் காக்கும் சி.பி.ஆர். பயிற்சியின் சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும். ஆனால் அந்தத் திறன் சில மாதங்களிலேயே மங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டியதால், அமெரிக்க இதயச் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறிது நேரம் செய்து பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. சிறு பாடத்தின் பெரிய வலிமை இதுதான்: ஒரு நாள் முழுக்க நடக்கும் வகுப்பை ஆண்டுக்கு நான்கு முறை நடத்த முடியாது, நான்கு நிமிடப் பாடத்தை முடியும். ஆகவே ஐந்தாவது தருணத்தை ஒருமுறை அனுப்பிவிட்டு நிறுத்தாதே. இரண்டு நாள் கழித்தும், மூன்று வாரம் கழித்தும் வேறு காட்சியில், முன்னறிவிப்பின்றி அதையே கேள்.

இப்படித் துண்டு துண்டாகக் கற்றால் முழுமை போய்விடாதா என்று மூத்த ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐந்து தருணங்களைத் தனித்தனியே அறிந்தவர், ஒரே நோயாளியிடம் அவை அடுத்தடுத்து வரும்போது குழம்பலாம். அதனால் தொடருக்கு ஒரு வரிசையும், ஐந்தையும் ஒரே காட்சியில் கோத்துக் கேட்கும் ஒரு நிறைவுப் பாடமும் வேண்டும். பீகாரில் 2012-இல் தொடங்கி ஆஷா எனப்படும் சமூகச் சுகாதாரப் பணியாளர்களுக்காக நடத்தப்பட்ட மொபைல் அகாடமி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இணையம் இல்லாத சாதாரணச் செல்பேசியில் குரல் வழியாகக் கேட்கும் பாடங்கள் அவை. அத்தியாயங்களாக அடுக்கி, ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் வினாக்கள் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் தந்தார்கள். சிறியதாக இருந்தும் அது உதிரியாக இருக்கவில்லை. ஆனாலும் சிறு பாடத்துக்கு எட்டாதவை உண்டு என்பதை ஒப்புக்கொள். சி.பி.ஆர். செய்யும்போது மார்பு 5 முதல் 6 செ.மீ. இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்று திரையில் சொல்லலாம். அந்த அழுத்தத்தைக் கை அறிய பயிற்சி பொம்மைதான் வேண்டும். கெட்ட செய்தியைக் குடும்பத்தாரிடம் சொல்வது போன்றவற்றுக்கு எதிரே ஒரு மனிதர் உட்கார வேண்டும்.

இன்னொரு எதிர்ப்பு இதைவிட ஆழமானது: தெரியாததாலா தவறு நடக்கிறது? 1847-இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ், மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவினால் பிரசவ வார்டில் தாய்மார் இறப்பு பெரிதும் குறைவதைக் காட்டினார். இத்தனை காலத்துக்குப் பின்னும் கை சுத்தம் மருத்துவமனைகளின் கவலையாகவே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கை சுத்த உத்தியில் ஐந்து கூறுகள் உள்ளன: தேவையான வசதி, பயிற்சி, கண்காணித்துக் கருத்துச் சொல்லுதல், பணியிட நினைவூட்டல்கள், நிறுவனத்தின் பாதுகாப்புப் பண்பாடு. பயிற்சி அவற்றில் ஒன்றுதான். கட்டிலருகே இருக்கும் ஆல்கஹால் திரவப் பாட்டில் காலியாகக் கிடந்தால் உன் பாடம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை; அப்போது நீ எழுத வேண்டியது பாடத்தை அல்ல, ஸ்டோருக்கு ஒரு கோரிக்கையை. இதைச் சொல்லும் துணிவு பயிற்சி வடிவமைப்பாளருக்கு வேண்டும். அதே காரணத்தால்தான், எத்தனை பேர் பாடத்தை முடித்தார்கள் என்ற பட்டியலோடு நிர்வாகம் நிறைவடைந்துவிடக் கூடாது. கை சுத்தம் செய்ய வேண்டிய வாய்ப்புகள் எத்தனை வந்தன, அவற்றில் எத்தனை முறை செய்தார்கள் என்று வார்டில் நேரில் பார்த்துக் கணக்கிடும் முறையை உலக சுகாதார நிறுவனமே தந்திருக்கிறது. பாடத்துக்கு முன்னும் பின்னும் அந்தக் கணக்கைக் கேள்.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் முக்கியமானது. ஐந்து நிமிடம்தானே என்ற சொல் சுலபமாக ஒருவருடைய ஓய்வைப் பறித்துவிடும். பாடம் சிறியது என்பதாலேயே அதை வீட்டுக்குப் போகும் பேருந்துக்கும், சாப்பாட்டு நேரத்துக்கும், விடுப்பு நாளுக்கும் தள்ளிவிடுவார்கள். மருத்துவமனைக்காகக் கற்பது மருத்துவமனையின் நேரத்தில்தான் நடக்க வேண்டும். டியூட்டிப் பட்டியலில் அதற்கு இடம் கேட்டு வாங்கு. துப்புரவுப் பணியாளர்களையும் வார்டு உதவியாளர்களையும் மறக்காதே. கட்டில் கம்பியைத் துடைப்பது அவர்கள்தான். அவர்களுக்கான பாடம் எளிய தமிழில், காதால் கேட்கும்படி இருக்கட்டும். சொந்த டேட்டாவைச் செலவழிக்காமல் படிக்க வழி இருக்கட்டும். முதல் பாடத்தை எழுதியதும் அதிகாரிகளுக்கு அனுப்புவதற்கு முன், அதைப் படிக்கப்போகும் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார். தயங்கிய இடம் அவர்களுடைய குறை என்று எண்ணாமல் பாடத்தைத் திருத்து. திருத்தியதை எனக்கும் அனுப்பு. படித்துப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அக்கா