சீ மொழியிற் காணாமற்போகும் தலைப்புக் கோப்புகள்

கணினி மொழிகளுள் சீ மொழி பழைமையும் உரமும் வாய்ந்தது. 1972ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி என்பவர் ஆக்கிய இம்மொழி இன்றும் பணிசெயல் முறைமைகள் பலவற்றுக்கு அடித்தளமாக விளங்குகின்றது. ஓர் இயந்திரத்துக்கென எழுதிய செய்நிரலை வேறோர் இயந்திரத்திலும் இயக்கலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு. ஆயினும் அவ்வாறு கொண்டுசெல்லும் மாணவன் முதலில் எதிர்கொள்ளும் இடர் யாதெனின், தலைப்புக் கோப்பைக் காணோமெனத் தொகுப்பான் மறுத்து நிற்றலேயாம்.

தலைப்புக் கோப்பென்பது செய்நிரல் வேண்டும் சார்புகளையும் தரவு வகைகளையும் முன்கூட்டி அறிவிப்பது. சார்புகள் பெரும்பாலும் நூலகத்திலேயே உள்ளன. ஆதலால் அறிவிப்பை மட்டும் எழுதிக்கொண்டால் நூலகத்தில் இல்லாத சார்பு வந்துவிடாது.

கோப்புக் காணாமைக்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, நிறுவற் குறை. டெபியன் லினக்ஸில் ஜீசீசீ தொகுப்பான் இருந்தும், சீ நூலகத்தின் மேம்பாட்டுப் பொதி இல்லாவிடின் 'ஸ்ரெட்ஐஓ' கூடக் கிடையாது. இங்கு வேண்டுவது அப்பொதியை நிறுவுதலே, செய்நிரலைத் தொடவேண்டியதில்லை.

இரண்டாவது, அக்கோப்பு நியமத்தைச் சேராமை. 'யூனிஸ்ரெட்' பொசிக்ஸ் நியமத்துக்குரியது, சீ நியமத்துக்குரியதன்று. 'மலொக்' என்பதும் சீ நியமத்துக்குரியதன்று. அதனிடத்தில் 'ஸ்ரெட்லிப்' போதும்.

மூன்றாவது, நியமத்துக்கும் தொகுப்பானுக்கும் இடையிலுள்ள கால வேறுபாடு. 1999ஆம் ஆண்டு நியமம் 'ஸ்ரெட்இன்ற்', 'ஸ்ரெட்பூல்' முதலியவற்றைச் சேர்த்தது. மைக்ரோசொவ்ற் விசுவல் சீ தொகுப்பானோ முன்னதை 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலும், பின்னதை 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலுமே வழங்கியது.

இவ்விடத்தில் அவசரப்படுவோர் கோப்பின் பெயரை நீக்கிவிட்டு, 32 பிற்று நிறைவெண்ணுக்கு 'லோங்' என எழுதிவிடுவர். 64 பிற்று விண்டோசில் 'லோங்' 32 பிற்று. 64 பிற்று லினக்ஸிலோ 64 பிற்று. ஒன்றில் 4 பைற்றாக எழுதிய பதிவை மற்றொன்று 8 பைற்றாக வாசிக்கும். அதன்பின் வரும் எண்களெல்லாம் இடம் பெயர்ந்து பொய்யாகும். தொகுப்பான் யாதொன்றும் சொல்லாது. கோப்புக் காணோமென்று கூவும் பிழையிலும், வாய் திறவாத இப்பிழையே கொடியது.

செய்யத்தக்கது யாது? கோப்பு உண்டோ என்று முதலிற் கேட்டறிதல் வேண்டும். ஜீசீசீ 2015ஆம் ஆண்டிலிருந்து இதற்கென 'ஹாஸ் இன்குளூட்' என்னும் வினாவை ஏற்கின்றது. சீ23 நியமமும் அதனை ஏற்றுக்கொண்டது. பழைய தொகுப்பான் அவ்வினாவையே அறியாதாகையால், வினா உண்டோ என்பதைத் தனி வரியில் முன்னர்ச் சோதித்தல் முறை. கோப்பு இல்லையெனின், 1989ஆம் ஆண்டு நியமத்திலேயே உள்ள 'லிமிற்ஸ்' கோப்பை நாடுக. 'இன்ற்' வகையின் உச்ச எண் 2147483647 ஆயின் அதனையே கொள்க. அன்றேல் 'லோங்' வகையை அவ்வாறே சோதிக்க. இரண்டும் பொருந்தாவிடின், ஊகித்து மேற்செல்லாது, பிழை அறிவித்துத் தொகுத்தலை நிறுத்துக.

இச்சோதனைகளைச் செய்நிரலெங்கும் சிதறவிடாது தமக்குரிய ஒரே தலைப்புக் கோப்பில் அடக்குதல் நன்று. அதற்கு நியமக் கோப்பின் பெயரைச் சூட்டலாகாது. பின்னாளில் தொகுப்பான் உண்மைக் கோப்பைப் பெறும்போது, நம்முடையது அதனை மறைத்துவிடும்.

மாணவர்களே, காரணத்தை அறியாது செய்யும் திருத்தம் பிழையை நீக்குவதன்று, மறைப்பதேயாம். தொகுப்பான் மறுக்கும்போது சினவாது, மூன்று காரணங்களுள் எது என முதலில் ஆராய்க.