பைக் பந்தய கேம்: எது நிஜ ஓட்டம்?

ஏனாத்தூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர்களிடம் பைக் பந்தய கேம் பற்றிப் பேச்செடுத்தால், "எதுல ஹேண்ட்லிங் ரியலா இருக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி. நல்ல கேள்வி. பைக் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு தயாராகிறது. யமஹாவுக்கும் வல்லம் வடகாலில் ஆலை உண்டு. பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் போனால் இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறந்த பந்தயத் தடம். சென்னையின் பைக் பந்தய வீரர் சரத்குமார் 2011இல் உலக சாம்பியன்ஷிப் 125 சிசி பிரிவு வரை போய்விட்டார். ஆனாலும் கேம் வாங்கும்போது நம் பிள்ளைகள் நம்புகிற பல விஷயங்கள் தவறானவை.

நம்பிக்கை: படம் தத்ரூபமாக இருந்தால் ஓட்டமும் தத்ரூபமாக இருக்கும்.

படத்தை வரைவது ஒரு வேலை; டயர் தரையை எவ்வளவு பற்றுகிறது என்று கணக்கிடுவது முற்றிலும் வேறு வேலை. கணினியில் மட்டும் ஓடும் 'ஜிபி பைக்ஸ்' கேமைப் பாருங்கள். பார்க்கப் பழைய கேம் போலத்தான் இருக்கும். ஆனால் முன் பிரேக், பின் பிரேக், கிளட்ச், ஓட்டுபவரின் உடல் சாய்வு என எல்லாவற்றையும் தனித்தனியே நாமே இயக்கலாம்.

அதிகாரபூர்வ உரிமமும் இப்படித்தான். 2023இல் கிரேட்டர் நொய்டாவின் புத் தடத்தில் மோட்டோஜிபி நடந்தபோது, அந்தத் தடம் 'மோட்டோஜிபி 23' கேமுக்குள்ளும் வந்தது. உரிமம் தருவது அதைத்தான்: தடம், வீரர்களின் பெயர், வண்டியின் வண்ணம். ஓட்டத்தின் தன்மையைத் தீர்மானிப்பது கேமைச் செய்தவர்களின் கணக்கு. 'மோட்டோஜிபி' வரிசையையும் தெரு பைக்குகளுக்கான 'ரைடு' வரிசையையும் செய்வது இத்தாலியின் மைல்ஸ்டோன் என்ற ஒரே நிறுவனம்தான்.

நம்பிக்கை: ஹேண்டில்பாரைத் திருப்பினால் பைக் திரும்பும், கேமிலும் அப்படித்தான்.

மெதுவாகப் போகும்போது அது சரி. வேகம் கொஞ்சம் ஏறியதும் நடப்பது தலைகீழ். இடப்பக்கம் திரும்ப இடது பிடியை முன்னே தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் போகும், வண்டி இடப்பக்கம் சாயும், பிறகுதான் திரும்பும். பைக் ஓட்டும் எல்லோரும் தெரியாமலே இதைச் செய்கிறோம். அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோட், சட்டத்தோடு அசையாமல் பொருத்திய இரண்டாவது ஹேண்டில்பார் கொண்ட வண்டியில் மாணவர்களை ஓட்டவைத்து இதைக் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை எவ்வளவு சாய்த்தாலும் வண்டி ஒழுங்காகத் திரும்பாது.

கேமில் ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளுவது பெரும்பாலும் 'இவ்வளவு சாய்' என்ற உத்தரவு மட்டுமே. அந்த எதிர்த் தள்ளலைக் கேமே செய்துகொள்கிறது. அதனால் கார் பந்தயத்துக்கான ஸ்டீயரிங் வீலை பைக் கேமுக்காக வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல கன்ட்ரோலர் வாங்கலாம்.

நம்பிக்கை: கேம் தரும் எல்லா ஓட்ட உதவிகளையும் அணைத்துவிட்டு, தொட்டதற்கெல்லாம் விழுந்தால்தான் அது நிஜம்.

அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். ஓடும் பைக் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும் இயல்புடையது. பந்தயத்தில் ஓட்டுபவர் விழுந்த பிறகும் வண்டி மட்டும் நேராக ஓடிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். நேர்ச்சாலையிலேயே தடுமாறும் கேம் நிஜமானதல்ல, கணக்கு தவறியது.

உதவிகளில் எது நிஜ வண்டியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மோட்டோஜிபி வண்டிக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. ஆனால் பின்சக்கரம் வழுக்குவதையும் முன்சக்கரம் தூக்குவதையும் கட்டுப்படுத்தும் மின்னணு வசதி உண்டு. 2016 முதல் எல்லா அணிகளுக்கும் அது ஒரே வகை. ஆகவே 'மோட்டோஜிபி' கேமில் ஏபிஎஸ்ஸையும் இரு பிரேக்கையும் இணைக்கும் வசதியையும் அணைத்துவிட்டு, வழுக்கல் கட்டுப்பாட்டை விட்டுவைப்பதுதான் நிஜத்துக்கு நெருக்கம். 'ரைடு' கேமில் இன்றைய தெரு பைக் எடுத்தால் ஏபிஎஸ் இருப்பதே சரி; இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம். தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியை மட்டும் கட்டாயம் அணையுங்கள்.

சரி, நிஜத்தைச் சோதிப்பது எப்படி? முதலில் நேராகப் போகும்போது முன் பிரேக்கை அழுத்திப் பாருங்கள்: முன்பக்கம் அமிழ்ந்து பின்பக்கம் லேசாக வேண்டும். அடுத்து, வண்டி நன்றாகப் படுத்திருக்கும்போது அதே அளவு அழுத்துங்கள். முன்சக்கரம் வழுக்கி விழ வேண்டும். டயரின் பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. வளைவில் அதன் பெரும்பங்கு சாய்வுக்கே செலவாகிவிடுவதால் பிரேக்குக்கு மிச்சம் குறைவு. எதுவும் நடக்காமல் வண்டி அப்படியே நின்றால் அது சும்மா பொழுதுபோக்கு கேம்.

பிறகு இடமிருந்து வலமாகச் சட்டென்று புரட்டிப் பாருங்கள். சக்கரம் வேகமாகச் சுழலச் சுழலப் புரட்டுவது கடினமாகும். 60 கிலோமீட்டர் வேகத்திலும் 200லும் ஒரே மாதிரி புரண்டால் நம்பாதீர்கள். வளைவின் அளவையும் கவனியுங்கள். 45 பாகை சாய்வில், 50 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 20 மீட்டர் ஆரமுள்ள வளைவை எடுக்கலாம். 100இல் அதே சாய்வுக்கு சுமார் 80 மீட்டர் வேண்டும். வேகம் இரட்டிப்பானால் வளைவு நான்கு மடங்கு அகலமாகிறது. இந்த உறவு மனதில் பதிந்தால் போலி கேம் ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

நம்பிக்கை: போன் கேமே போதும்.

பொழுதுபோகப் போதும். 'டிராஃபிக் ரைடர்' போன்றவற்றில் வண்டிகளுக்கு நடுவே புகுந்து போவதுதான் ஆட்டம். டயரின் பிடிமானம் அங்கே பெரிய விஷயமே இல்லை.

நம்பிக்கை: கேமில் வேகமாக ஓட்டுபவன் சாலையிலும் ஓட்டுவான்.

தடத்தின் போக்கையும் பிரேக் பிடிக்கும் இடத்தையும் கேம் கற்றுத்தரும். பந்தய வீரர்களும் அதற்காக ஆடுவதுண்டு. இருக்கையிலும் கைப்பிடியிலும் உடம்பு உணரும் சேதியை அது தராது. வளைவில் மணல், குறுக்கே வரும் மாடு, எதிர்த்திசையில் வரும் ஷேர் ஆட்டோ எதுவும் அதில் இல்லை. விழுந்ததும் ஆட்டத்தைப் பின்னோக்கித் திருப்பும் பொத்தான் சாலையில் இல்லை. முழுப் பாதுகாப்பு உடையோடு, ஆம்புலன்ஸ் நிற்கும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலேயே 2023 ஆகஸ்ட்டில் 13 வயது வீரர் ஒருவர் விழுந்து உயிரிழந்தார்.

என் தீர்ப்பு இது. கணினியும் பொறுமையும் இருந்தால் 'ஜிபி பைக்ஸ்'. கன்சோல் இருந்தால், பந்தய வண்டிக்கு 'மோட்டோஜிபி' வரிசை, தெரு பைக்குக்கு 'ரைடு'. சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே 60 கிலோமீட்டர் ஊர்ச்சாலையில் பறக்கும் பந்தயம் எப்படி என்று அறிய 'டிடி ஐல் ஆஃப் மேன்'. நிஜ வண்டியைச் சாய்த்துப் பழக ஆசைப்படும் தம்பி, தங்கைகளே, கீத் கோட்டின் கலிஃபோர்னியா சூப்பர்பைக் பள்ளி இருங்காட்டுக்கோட்டையிலேயே வகுப்புகள் நடத்தியிருக்கிறது. அப்படிப்பட்ட பயிற்சி நாளுக்குப் பணம் சேருங்கள். நெடுஞ்சாலையில் முயன்று பார்க்காதீர்கள்.